அப்பாவின் முழங்காலும் உயரமான காரும்



அரசு மருத்துவமனை டாக்டர் ஒருத்தர் காரைப் பத்தி ஏன் எழுதறார்னு நினைப்பீங்க. சமீபத்துல எங்க வீட்ல 11 வருஷமா ஓட்டின செடானைக் கொடுத்துட்டு ஒரு எஸ்யூவி எடுத்தோம். எடுத்த ஒன்பதாவது நாள் வீட்டு வாசல்லயே ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். ஆனா வீட்ல வயசானவங்களோ சின்னக் குழந்தையோ இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

முதல்ல அப்பா.

அப்பாவுக்கு 71 வயசு. அரசுப் பேருந்து நடத்துனரா இருந்து ஓய்வு பெற்றவர். 30 வருஷத்துக்கு மேல ஓடற பஸ்ஸுல நின்ன கால். இப்போ ரெண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். எங்க காரில் அவர் கடைசியா வந்தது ஒரு கல்யாணத்துக்கு. மண்டப வாசலில் நிறுத்தினேன். கதவைப் பிடிச்சு எழுந்திருக்கப் பார்த்தார், முடியல. மறுபடியும் சீட்டுலயே விழுந்தார். பன்னீர் தெளிக்க நின்ன பசங்க ரெண்டு பேர் ஓடி வந்து அக்குள்ல கை கொடுத்துத் தூக்கிவிட்டாங்க. ஆயிரக்கணக்கான பேரைக் கை கொடுத்து பஸ்ஸுல ஏத்தின மனுஷன், அன்னிக்குப் பந்தியில கூட யார்கிட்டயும் பேசல.

அதுக்கப்புறம் எதுக்குக் கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க தம்பி, நான் வீட்டைப் பாத்துக்கறேன்"தான். வயசானவங்க பிடிவாதம்னு நானும் விட்டுட்டேன். ஒருநாள் ஓபியில மூட்டுவலி நோயாளி ஒருத்தருக்கு வழக்கம்போல "தரையில உட்காராதீங்க, உயரமான நாற்காலி பயன்படுத்துங்க, வெஸ்டர்ன் டாய்லெட் வச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு இருந்தப்பதான் உறைச்சது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்ற நான், சொந்த அப்பாவைத் தாழ்வான சீட்டுல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன்.

இதுல இருக்கற மருத்துவம் ரொம்ப எளிமையானது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது முழங்கால் எவ்வளவு அதிகமா மடங்கியிருக்கோ, அவ்வளவு பலமா தொடைத்தசை இழுத்தாகணும். அந்த இழுவையில முழங்கால் சில்லு அடியில இருக்கற எலும்போட அழுந்தும். தேய்ஞ்ச மூட்டுக்கு வலிக்கறது அங்கதான். சீட் தாழ்வா இருந்தா மடிப்பு அதிகம், வலியும் அதிகம். சீட் நம்ம இடுப்புக்குக் கொஞ்சம் கீழ இருந்தா, முதுகைக் காட்டி நின்னு அப்படியே சாய்ஞ்சாலே உட்கார்ந்த மாதிரிதான். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செஞ்சவங்களையும் ஆரம்ப மாசங்களில் தாழ்வான இருக்கை வேண்டாம்னுதான் சொல்லுவோம்.

ஆக, எஸ்யூவி வாங்கறவங்க எல்லாரும் பந்தாவுக்கு வாங்கறாங்கன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். முழங்காலுக்காகவும் வாங்கறாங்க.

கொஞ்சம் பழைய கதை.

அப்பா தலைமுறைக்குக் கார்னா டிக்கி தனியா இருக்கணும். அம்பாசடர், பத்மினி எல்லாமே அந்த வடிவம்தான். டிக்கி இல்லாத மாருதி 800, 1983 கடைசியில வந்தப்பகூட வசதியானவங்க கண்ணு டிக்கி வச்ச காரிலதான் இருந்துச்சு. 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குள்ள நீளமும் சின்ன இன்ஜினும் இருக்கற கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினாங்க. அதுக்காகவே செடானோட வாலை வெட்டிக் குட்டையாக்கினாங்க. 2008-ல் இண்டிகோ சிஎஸ், 2012-ல் சின்னதாக்கின டிசைர் எல்லாம் அப்படி வந்ததுதான்.

அதே 4 மீட்டர் கணக்குக்குள்ள எஸ்யூவியையும் அடைக்கலாம்னு கண்டுபிடிச்சதும் ஆட்டமே மாறிடுச்சு. 2013-ல் நம்ம மறைமலை நகர்ல தயாரான ஈக்கோஸ்போர்ட், 2016-ல் விட்டாரா பிரெஸ்ஸா, 2017-ல் நெக்ஸான்னு வரிசையா வந்துச்சு. அதை விடக் கொஞ்சம் பெரிசு வேணும்னவங்களுக்கு 2012-ல் டஸ்டர், 2015-ல் இருங்காட்டுக்கோட்டையில தயாரான கிரெட்டா. நம்ம ஊர் வேகத்தடைகளும் மழைக்கால ரோடும் மிச்ச விளம்பரத்தைச் செஞ்சிடுச்சு. கீழ இடிக்காத கார் யாருக்குத்தான் பிடிக்காது?

2024-25 நிதியாண்டுல இந்தியாவுல விற்ற பயணிகள் வாகனங்கள் 43 லட்சம். அதுல எஸ்யூவி, எம்பிவி மாதிரி பயன்பாட்டு வாகனங்கள் மட்டும் 65 சதவீதம். சிவிக், கரோலா போன்ற பெரிய செடான்கள் 2020-லேயே இங்க நின்னு போச்சு. சியாஸ் 2025-ல் நின்னுச்சு. அமெரிக்காவுலயும் இதே கதைதான். 2018-ல் ஃபோர்டு நிறுவனம் அங்க செடான் விற்பனையையே கைவிடறதா அறிவிச்சு, மஸ்டாங் என்ற கூபேயையும் இன்னொரு மாடலையும் மட்டும் வச்சுக்கறதா சொல்லிச்சு. ரெண்டு கதவு வச்ச கூபே நம்ம ஊர்ல எப்பவுமே பெருசா விற்றதில்லை. இப்போ அந்தச் சரிவான கூரையை எஸ்யூவி மேல போட்டு 'கூபே எஸ்யூவி'ன்னு விற்கறாங்க. 2024-ல் வந்த கர்வ், பசால்ட் ரெண்டும் அந்த ரகம்.

சரி, எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன்.

2025 செப்டம்பர்ல சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா குறைஞ்சதும் ஷோரூம் ஏறினோம். அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். எனக்கு மைலேஜ், மனைவிக்கு ஏர்பேக், அப்பாவுக்கு ஒரே பரீட்சை: யார் கையையும் பிடிக்காம ஏறி இறங்கணும். ஒரு பெரிய எஸ்யூவில ஒரு காலைத் தூக்கி வைக்கவே முடியல. உயரம் அதிகமானாலும் மூட்டுக்குச் சிரமம்தான். ஒரு கூபே எஸ்யூவியோட பின்சீட்டுக்குத் தலையைக் குனிஞ்சு போகும்போது கழுத்து பிடிச்சுக்கிச்சு. கடைசியா 4 மீட்டருக்குள்ள ஒரு எஸ்யூவி. முதுகைக் காட்டி நின்னார், உட்கார்ந்தார், காலை உள்ள எடுத்தார். "இது போதும் தம்பி"ன்னார். அதையே எடுத்தோம்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம்.

கேஷுவாலிட்டியில நைட் டியூட்டி பார்க்கற எங்களுக்கு, காரோட வடிவம் நோயாளி உடம்புல தெரியும். முழங்காலுக்குச் சற்றுக் கீழ எலும்பின் மேல்தட்டு நொறுங்கற முறிவுக்கு எலும்பு மருத்துவத்துல 'பம்பர் ஃபிராக்சர்'னே ஒரு பழைய பேர் இருக்கு. தாழ்வான காரோட பம்பர் நடந்து போறவர் காலில் மோதினா, கால் உடையும், உடம்பு பானட் மேல சாயும். அதுவும் ஆபத்துதான், தலை கண்ணாடியில மோதலாம். ஆனா உயரமான, நெட்டுக்குத்தா நிக்கற முகப்பு மோதினா முதல் அடியே இடுப்பெலும்பு, வயிறு, நெஞ்சுல விழும். ஆள் பானட் மேல சாயாம முன்னாடி தள்ளப்பட்டுக் கீழ விழுவார். குழந்தையா இருந்தா முதல் அடியே தலைக்கு.

அமெரிக்காவுல ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. முகப்பு 40 அங்குலத்துக்கு மேல இருக்கற வாகனங்கள் மோதினா, 30 அங்குலத்துக்குள்ள சரிவா இருக்கற கார்களை விடப் பாதசாரி இறக்கற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். நம்ம நாட்டுல 2022-ல் சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல இருசக்கர வாகனத்துல போனவங்களும் நடந்து போனவங்களும் மட்டும் 64 சதவீதம். கார் கண்ணாடிக்கு வெளியே இருக்கறவங்கதான் இங்க அதிகம் சாகறாங்க.

சில வருஷம் முன்னாடி ஒரு காலை நேரம். ரெண்டு வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. வீட்டு வாசல்ல, சொந்தச் சித்தப்பா கார் எடுக்கும்போது நடந்தது. எங்களால ஒண்ணும் செய்ய முடியல. அந்தச் சித்தப்பா கேஷுவாலிட்டி தரையில உட்கார்ந்து ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "பாத்துட்டுத்தான் சார் எடுத்தேன்." அப்போ எனக்கு மனசுக்குள்ள கோபம்தான் வந்துச்சு. பார்த்திருந்தா எப்படி ஏறும்னு நினைச்சேன்.

எங்க கார் வந்த ஒன்பதாவது நாள். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பறோம். நான் காரில் ஏறி ஸ்டார்ட் பண்ணிட்டேன். ரிவர்ஸ் கேமராவைப் பார்த்தேன், ரெண்டு பக்கக் கண்ணாடியும் பார்த்தேன், முன்னாடியும் பார்த்தேன். கேட் திறந்திருக்கு, வாசல் காலி. கியர் போட்டு கிளட்ச்சை விட ஆரம்பிச்சேன். படியில நின்னுட்டு இருந்த அப்பா "டேய்! நிறுத்துடா!"ன்னு கத்தினார். அப்படி ஒரு குரலை நான் சின்ன வயசுக்கப்புறம் கேட்டதே இல்லை.

பானட்டுக்கு நேர் முன்னாடி என் பொண்ணு. மூணு வயசு. கழண்ட செருப்பை மாட்ட குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தா. காருக்கும் அவளுக்கும் ரெண்டடி கூட இல்லை.

இறங்கி ஓடினேன். அப்பாகிட்ட என் வாயில வந்த முதல் வார்த்தை: "பாத்துட்டுத்தான்பா எடுத்தேன்."

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்தச் சித்தப்பா பொய் சொல்லல. அவர் நிஜமாவே பார்த்திருக்கார். அவர் சீட்டிலிருந்து அந்த இடம் தெரியல, அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு பரிசோதனை செஞ்சேன். நீங்களும் செஞ்சு பாருங்க, காசு செலவில்லை. தண்ணிக் குடத்தை பானட் முன்னாடி வச்சேன். உட்கார்ந்த குழந்தை உயரம்தான் அது. நான் டிரைவர் சீட்டுல உட்கார, மனைவி குடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி வச்சாங்க. குடத்தோட வாய் எனக்குத் தெரிஞ்சது ஆறடி தள்ளிப் போனப்பதான். பக்கத்து வீட்டு செடானில் உட்கார்ந்து பார்த்தேன். நாலடிக்குள்ளேயே தெரிஞ்சது. உயரத்துல உட்கார்ந்தா ரோடு தூரத்துக்கு நல்லாத் தெரியும். மூக்குக்கு முன்னாடி இருக்கறது மறைஞ்சிடும்.

அப்போ எஸ்யூவி வாங்கக் கூடாதா? நானே வாங்கியிருக்கேன், விற்கப் போறதும் இல்லை. அப்பாவுக்கு அந்த உயரம் வேணும். ஆனா உள்ள இருக்கற நமக்குக் கிடைக்கற சொகுசுக்கு, வெளியே நிக்கறவங்க விலை கொடுக்கறாங்க. அந்த விலையைக் குறைக்கற பொறுப்பு நம்மளோடது. எங்க வீட்ல இப்போ என்ன செய்யறோம்னு சொல்றேன்:

1. கார் எடுக்கும் முன்னாடி ஒரு சுத்து சுத்தி வந்துட்டுத்தான் ஏறுவேன். எவ்வளவு அவசரமா இருந்தாலும் சரி.

2. ஸ்டார்ட் பண்ணும்போது குழந்தை ஒண்ணு காருக்குள்ள பெல்ட்டோட இருக்கணும், இல்லைன்னா ஒரு பெரியவர் கையில இருக்கணும். 'உள்ளதான் விளையாடிட்டு இருந்தா'ங்கற கணக்கே கிடையாது.

3. தெருவுக்குள்ள, பள்ளிக்கூடம் பக்கம் வேகம் 30-ஐத் தாண்டாது.

4. முன்பக்கம் கூடுதலா இரும்புக் கம்பி மாட்ட மாட்டோம். அது மோதறது மனுஷ உடம்புல.

5. பின்சீட்டுல இருக்கறவங்களும் பெல்ட் போடணும். பெரிய கார், ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்காதீங்க. 2022-ல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது ஒரு சொகுசு எஸ்யூவியோட பின்சீட்டுல. அவர் பெல்ட் போட்டிருக்கலைன்னு போலீஸ் சொன்னாங்க.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. உயரமா இருந்தா பாதுகாப்புன்னு முடிவு பண்ணாதீங்க. உயரமான வண்டிக்கு வளைவுல கவிழற வாய்ப்பு கூட. 2024-ல் வந்த புது டிசைர் செடான்தான், குளோபல் என்கேப் சோதனையில பெரியவங்க பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியிருக்கு. 2023 அக்டோபரிலிருந்து நம்ம நாட்டுக்கே பாரத் என்கேப் சோதனை இருக்கு. வடிவத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்த மதிப்பெண்ணைப் பாருங்க. வீட்டுப் பெரியவங்களை ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போய், ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்க. அவங்க முழங்காலுக்கு செடான் ஒத்துவந்தா செடானே போதும்.

அப்பா இப்போ விசேஷங்களுக்கு வர்றார். போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் போனோம், யார் கையும் பிடிக்காம இறங்கினார். கிளம்பும்போது மட்டும் கடைசி ஆளாத்தான் ஏறுவார். நான் ஒரு சுத்து சுத்தி வர்ற வரைக்கும் படியில நின்னு, பாப்பா கையைப் பிடிச்சுட்டு, பழைய கண்டக்டர் குரல்ல "ரைட்"டுன்னு சொல்லுவார். அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் ஏறுவாங்க.

இன்னிக்கு சாயங்காலம் அந்தக் குடத்தை உங்க கார் முன்னாடி வச்சுப் பாருங்க. எத்தனை அடியில தெரிஞ்சதுன்னு கீழ எழுதுங்க.