சின்ன மாத்திரை

நான் படித்தது பி.காம். பி காம்ப்ளெக்ஸ் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் 'பி'யில் ஆரம்பிக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஆனால், கண்ணமங்கலத்தில் இருக்கும் என் சித்தப்பா புண்ணியத்தில் அந்தப் பாடத்தையும் படிக்க வேண்டி வந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு அவருக்கு டி.பி. வந்தது. ஏற்கெனவே சர்க்கரை வேறு. ஆறு மாசத்துக்கு மாத்திரை. இரண்டே மாசத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது, பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்கு நடந்தே போக ஆரம்பித்தார். அப்போதுதான் புதுத் தொல்லை. பாதமெல்லாம் எரிச்சல். எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு. செருப்பு கழன்று போனால்கூடத் தெரியவில்லை.

போனில் கூப்பிட்டார். "டேய், இந்த டி.பி. மாத்திரை என் காலைத் தின்னுது. நாளையிலேர்ந்து நிறுத்திடறேன். இருமல்தான் போயிடுச்சே!"

எனக்குப் பகீரென்றது. பாதியில் நிறுத்தினால், மிச்சமிருக்கிற கிருமி அதே மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரலாம் என்று நானே நாலு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஊருக்கு எழுதுவது சுலபம். அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சர்க்கரை அளவைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "ஐயா, கூடவே ஒரு சின்ன மாத்திரை குடுத்தோமே, அதைச் சாப்பிடறீங்களா?" என்றார்.

சித்தப்பா ஜன்னல் வழியே ஜவ்வாது மலையைப் பார்த்தார். சித்திதான் போட்டு உடைத்தார்.

"அது சத்து மாத்திரைதானேன்னு பேத்திக்குக் குடுத்துட்டாரும்மா. பிளஸ் டூ படிக்கிறா, இளைச்சுப் போயிட்டாளாம்."

"தினம் முட்டை சாப்பிடறேன். எனக்கு எதுக்கும்மா தனியா சத்து?" என்றார் சித்தப்பா, கொஞ்சம் வீறாப்பாக.

அந்தச் சின்ன மாத்திரையின் பெயர் பைரிடாக்சின். பி6 வைட்டமின். டி.பி. மருந்துகளில் ஒன்றான ஐசோநியாசிட் கிருமியைக் கொல்லும். கூடவே உடம்பில் இருக்கும் பி6-ஐயும் பிடித்து சிறுநீரோடு வெளியே அனுப்பிவிடும். நரம்புகளுக்கோ பி6 கட்டாயம் வேண்டும். கையிருப்பு குறைந்தால் முதலில் முனகுவது பாதம்தான். சர்க்கரைக்காரர்கள், குடிப்பவர்கள், கர்ப்பிணிகள், சரியான சாப்பாடு இல்லாதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். என் பி.காம். பாஷையில் சொன்னால், அந்த மாத்திரை போனஸ் இல்லை. தினமும் விழுகிற பற்றுக்கு எதிரே வைக்க வேண்டிய வரவு.

இந்தக் கணக்கைப் போட்டதில் நம்ம சென்னைக்கும் பங்கு உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. ஐசோநியாசிட்டை அதிக அளவில் சாப்பிட்ட நோயாளிகளுக்குக்கூட, தினம் வெறும் 6 மில்லிகிராம் பைரிடாக்சின் நரம்புக் கோளாறு வராமல் தடுக்கிறது என்று 1963-லேயே அந்த மையத்தின் ஆய்வு சொன்னது.

டாக்டரம்மா அளவைக் கூட்டி எழுதிக்கொடுத்தார். உடனே சித்தப்பாவின் கண்ணில் ஒரு பேராசை. "ரெண்டா போட்டுக்கிட்டா சீக்கிரம் சரியாகுமாம்மா?"

"வேண்டாங்க. பி6 ரொம்ப நாளைக்கு அளவுக்கு மீறினா, அதுவே நரம்பைக் கெடுக்கும். எழுதினது மட்டும் போதும். டி.பி. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

நிறுத்தவில்லை. ஆறு மாசத்தையும் முடித்தார். எரிச்சல் சில வாரங்களில் அடங்கியது. மரமரப்பு முழுசாகப் போகத்தான் நாளாயிற்று. எவ்வளவு பெரிய மாத்திரையானாலும் மதித்து முழுங்குகிறோம். சத்து என்று சொல்லிவிட்டால் போதும், யாருக்கு வேண்டுமானாலும் தானம் செய்துவிடுகிறோம்.

பேத்தி? பிளஸ் டூவில் நல்ல மார்க். "எல்லாம் நான் குடுத்த மாத்திரை" என்று சித்தப்பா டீக்கடையில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் சேர்ந்தது பி.காம்.