அட்டையில் ஓர் ஓட்டை

"நாற்பத்து நாலு வயதிலே உனக்குப் பரீட்சை என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்டார் என் மாமியார். கேட்டுவிட்டு, என் கையிலிருந்த கரண்டியை அவரே வாங்கிக்கொண்டார். "சரி, போய் எதையோ படி. குழம்பை நான் பார்த்துக் கொள்கிறேன்" என்றார். என் மேல்படிப்பு அந்தக் கரண்டியில்தான் ஆரம்பமாயிற்று என்று சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. மாமனார் அறுபது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். 2018-ம் வருஷம் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதுப் பாடப் புத்தகங்கள் வந்தன. பாடத்துக்குப் பாடம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னக் கட்டம், கியூ.ஆர். கோடு என்றார்கள். கைப்பேசியைக் காட்டினால் படமும் பேச்சுமாகப் பாடம் ஓடும். பிள்ளைகள், "டீச்சர், டீச்சர், இதைக் காட்டுங்க!" என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கோ அந்தக் கட்டத்தை எந்தப் பக்கம் பிடித்துக் காட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறு வாரமே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வித் தொழில்நுட்ப முதுநிலைப் பட்டயத்துக்கு மனுப் போட்டுவிட்டேன்.

படிப்பு தபாலில் என்றாலும், தொடர்பு வகுப்புக்குச் சென்னைக்குப் போக வேண்டும். விடியற்காலையில் செங்கல்பட்டு வழியாகப் போகும் ரெயிலில் ஏறினால், திரும்பும்போது விளக்கு வைத்து வெகு நேரம் ஆகியிருக்கும். 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 17 வரை, நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வரும் அத்தி வரதர் தரிசனம் தந்தார் அல்லவா? எந்த ஊரிலோ இருந்த உறவினர்களெல்லாம் எங்கள் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். நான் பாத்திரம் துலக்கிவிட்டு, தறிக்கு மேலே தொங்கிய ஒற்றை விளக்கின் கீழ் உட்கார்ந்து கட்டுரைகளை எழுதினேன்.

என்ன படித்தேன் என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் ஓட்டக் கற்றுக் கொடுப்பார்கள் என்று நானும் நினைத்துத்தான் சேர்ந்தேன். அது ஒரு பகுதிதான். ஒரு பாடத்தை எப்படித் திட்டமிடுவது, பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சொல்லிக் கொடுத்த பிறகு ஏறியதா இல்லையா என்று எப்படி அளப்பது என்பதுதான் பெரும் பகுதி.

வேடிக்கையான விஷயம் ஒன்று. "படித்தது 10 சதவிகிதம் நினைவிருக்கும், பார்த்தது 30 சதவிகிதம், செய்தது 90 சதவிகிதம்" என்று ஆசிரியர் பயிற்சிகளில் ஒரு முக்கோணப் படம் காட்டுவார்கள். நானும் அதைப் பெரிய அட்டையில் எழுதி வகுப்பில் மாட்டியிருந்தேன். படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது: அந்தப் படத்துக்கு மூலமான கூம்பை 1946-ல் வரைந்த அமெரிக்கப் பேராசிரியர் எட்கர் டேல் அதில் எந்தக் கணக்கும் போடவில்லை, சதவிகிதமெல்லாம் பிற்பாடு யாரோ ஒட்டவைத்தவை! வீட்டுக்கு வந்ததும் சத்தமில்லாமல் என் அட்டையைக் கழற்றினேன்.

இன்னொருவர் ரிச்சர்டு கிளார்க். 1983-ல் ஒரு பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். ரேடியோவோ, டெலிவிஷனோ, கம்ப்யூட்டரோ, எதுவானாலும் அது பாடத்தைக் கொண்டு வரும் வண்டிதான். பிள்ளை கற்பது வண்டியினால் அல்ல, பாடம் அமைந்த விதத்தினால்தான் என்பது அவர் கட்சி. இல்லை, சாதனத்துக்கும் தனிச் சக்தி உண்டு என்று வாதாடியவர்களும் உண்டு. நம் தேசத்திலும் 1975 ஆகஸ்டு முதல் ஒரு வருஷம், செயற்கைக்கோள் மூலம் ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷனில் பாடம் காட்டிப் பார்த்தார்கள். எனவே இது புது ஆசை அல்ல. இதையெல்லாம் பரீட்சையில் பத்தி பத்தியாக எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் எழுதியது வேறு, ஏறியது வேறு என்பதைப் பிறகுதான் கண்டேன்.

கடைசியில் திட்டப் பணி ஒன்று செய்ய வேண்டும். 2020 பிப்ரவரியில், சமச்சீர்த் தன்மையைப் பற்றி ஒரு படப் பாடம் தயாரித்தேன். வண்ணத்துப்பூச்சி சிறகை மடிக்கும், தாஜ்மகால் நடுவில் கோடு ஓடும், பின்னணியில் வீணை. என் மகள் இரண்டு ராத்திரி கண் விழித்து உதவினாள். காட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை, காட்டிய பின் ஒரு சோதனை.

வகுப்பில் முப்பத்து நாலு பேர். படத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள். இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். நான் பூரித்துப் போனேன். சாயங்காலம் விடைத்தாளைத் திருத்தினால், பூரிப்பெல்லாம் போயிற்று. "செவ்வகத்தின் மூலைக்கு மூலை போட்ட கோடு சமச்சீர்க் கோடா?" என்ற கேள்விக்குப் படத்துக்கு முன்னால் சரியாக விடை எழுதியவர்கள் ஒன்பது பேர். படத்துக்குப் பின்னால் பத்துப் பேர்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, சுலபமான ஒரு கேள்வியைப் போட்டு, மறுபடியும் சோதனை வைத்தால் என்ன என்று தோன்றியது. யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டு வருஷப் பாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணம். மாமியார் பிடித்த கரண்டி.

திண்ணையில் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மாமனார், "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கிறது?" என்றார். சொன்னேன்.

அவர் எழுந்து போய், பரணிலிருந்து பழைய ஜக்கார்டு அட்டைச் சரம் ஒன்றை எடுத்து வந்தார். தறிக்கு மேலே பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாக அதில் திரும்பும். துளை இருந்தால் அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. இப்படித்தான் கரையில் அன்னமும் மயிலும் விழுகின்றன. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் அமைத்த முறை. துளை போட்ட அட்டையைக்கொண்டுதான் 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகையைக் கணக்கிட்டார்கள். ஆரம்ப காலக் கம்ப்யூட்டர்களும் இதே மாதிரி அட்டையைத்தான் தின்றன. என் படிப்பின் பாட்டி எங்கள் பரணிலேயே இருந்திருக்கிறாள்!

"இதிலே ஓர் ஓட்டை தப்பாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும், தெரியுமா?" என்றார் மாமனார். "பூவுக்குப் பூ அதே தப்பு வரும். பெட்டி தன்பாட்டுக்கு ஒழுங்காகத்தான் ஓடும். அதற்குத் தப்பென்றும் சரியென்றும் தெரியாது. அதனால்தான், அட்டை போடுமுன் கட்டம் போட்ட காகிதத்தில் இழை இழையாகப் பார்ப்போம். நீ படம் பிடிக்குமுன் பிள்ளைகள் எங்கே தப்புப் போடுகிறார்கள் என்று பார்த்தாயா?"

பார்க்கவில்லை. முதல் சோதனையை வைத்தேனே தவிர, மார்க்கைக் கூட்டிக் கட்டி வைத்துவிட்டேன். அதைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தேன். சரியாக விடை எழுதிய ஒரு பையன், பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தான்: "துண்டை அப்படி மடிச்சா ஓரம் சேராது." கேட்டதற்கு மேல் எழுதியிருக்கிறான் என்று நானே அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

சகோதரிகளே, நாமும் தினம் துண்டு மடிக்கிறவர்கள்தானே? மூலைக்கு மூலை மடித்தால் இரண்டு காதுகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். செவ்வகத்துக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. இரண்டே சமச்சீர்க் கோடுகள். என் வண்ணத்துப்பூச்சி இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் வகுப்புக்கு ஒரு துண்டை எடுத்துப் போனேன். அந்தப் பையனையே கூப்பிட்டு மடித்துக் காட்டச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, நெசவு வீட்டுப் பிள்ளைக்கே உரிய லாகவத்துடன் மடித்தான். பிறகு எல்லோரும் காகிதத்தை மடித்தார்கள். அன்று சாயங்காலம் இருபத்தெட்டுப் பேர் சரியாக எழுதினார்கள். படம் தோற்ற கதையையும், துண்டு ஜெயித்த கதையையும் உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினேன். பட்டயம் கிடைத்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! 2020 மார்ச்சில் நோய்க்காகப் பள்ளிகளை மூடினார்கள். கல்வித் தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு பாடம் சொல்லிற்று. பலருக்கு அது பெரிய உதவிதான். ஆனால் தறிகளும் நின்றுபோயிருந்த வீடுகளில், ஒரே கைப்பேசி அப்பாவோடு வேலை தேடப் போய்விடும். நான் மடிக்கவும் வெட்டவும் தக்க தாள்களில் பாடம் எழுதி, முகமூடியுடன் தெருத் தெருவாகக் கொடுத்து வந்தேன். அந்தப் பையன் வீட்டில் இரண்டு முறை கொடுத்தேன். மூன்றாம் முறை போனபோது வீடு பூட்டியிருந்தது. ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியவில்லை.

2021 நவம்பர் முதல் தேதி சிறு வகுப்புகளுக்கும் பள்ளி திறந்தது. என் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவன் வரவில்லை. எந்தக் கருவியாலும் அவனை நான் எட்ட முடியவில்லை.

இப்போதும் படம் காட்டுகிறேன், கியூ.ஆர். கட்டத்தையும் காட்டுகிறேன். ஆனால் எந்தப் பாடத்துக்கும் முன்னால், "இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? எழுதுங்கள். கேட்டதற்கு மேலும் எழுதலாம்" என்கிறேன். சிவப்புப் பேனாவைக் கடைசியில்தான் திறக்கிறேன்.

பட்டயத்தைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றார் மாமியார். வேண்டாமென்று பீரோவில் வைத்திருக்கிறேன். அதற்கு மேலே இருப்பது அந்த விடைத்தாள். என்றாவது அவன் தெருவில் எதிர்ப்பட்டால், அடித்த வரிக்கு மார்க் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும்.