தடைக்குப் பிறகும் புளித்த தண்ணீர்

மேகாலயாவின் கிழக்கு ஜைந்தியா மலையில், கிளீரியாட் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். நான் போனபோது நிலக்கரி உச்சத்தில் இருந்தது. லாட் ரிம்பாய் நெடுஞ்சாலையின் இருபுறமும் கரிக்குவியல்கள். மழை பெய்தால் அவற்றிலிருந்து கறுப்பாக வடிந்து பள்ளத்துக்கு ஓடும்.

அங்கே இருந்தவை எலிவளைச் சுரங்கங்கள். செங்குத்தாக ஒரு குழி. அடியிலிருந்து பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி உயரமே உள்ள பொந்துகள். ஆட்கள் தவழ்ந்துபோய்க் கரி வெட்டுவார்கள். உள்ளே ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துப் பக்கத்து ஓடையில் விடுவார்கள். கேடு அங்கேதான் தொடங்கியது. அந்த மலைக் கரியில் கந்தகம் அதிகம். கரியோடு இருக்கும் இரும்புக் கந்தகக் கல்லில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். இரும்பும் கரைந்து வரும். எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓடிய ஓடையில் கற்களெல்லாம் செம்மஞ்சள் பூசியிருந்தன. தண்ணீர் மட்டும் பளிங்குபோல இருக்கும். உயிர் எதுவும் இல்லாத தெளிவு அது.

மாணவி ஒருத்தியின் தாயார், நாங்கள் மரியாதையாக 'கொங்' என்று அழைப்பவர், ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இந்தத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிஞ்சுபோகுது சார். வெள்ளைத் துணி மஞ்சளாகுது. சின்ன வயசில் நாங்க இங்கேதான் கல்லைப் புரட்டி நண்டு பிடிச்சோம்."

மறுவாரம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டுபோய் ஓடையில் பி.எச். தாளை நனைத்தேன். 3-க்கு அருகே காட்டியது. ஏறக்குறைய வினிகரின் புளிப்பு. வகுப்பில் ஒரு பையன், அவன் பாட்டி பாக்கோடு போடும் சுண்ணாம்பு டப்பாவைக் கொண்டுவந்து, குடுவையில் இருந்த ஓடைத் தண்ணீரில் ஒரு விரல் சுண்ணாம்பைக் கரைத்தான். தெளிந்திருந்த நீர் சட்டென்று கலங்கியது. கொஞ்ச நேரத்தில் துரு நிறச் சேறு அடியில் படிந்தது. மேலே நின்ற நீரில் நனைத்த தாள் பச்சைக்கு வந்துவிட்டது. வகுப்பே எழுந்து நின்று பார்த்தது.

லுகா ஆறு குளிர்காலத்தில் நீலமாகிவிடும். சோனாப்பூர் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஆற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்து ஒதுங்கியதை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று மனம் பதறும். சுரங்க அமிலத்துக்கு இதில் பங்கு உண்டு என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது.

2014 ஏப்ரல் 17 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அசாமின் திமாசா மாணவர்கள். அவர்களுடைய கோபிலி ஆறும் இந்த அமிலத்தால் கெட்டிருந்தது. அந்த ஆற்று மின்நிலையத்தின் எந்திரங்களையே தண்ணீர் அரித்தது. தடை வந்ததும் லாரிகள் நின்றன. கடைகள் மூடின. அப்பாவுக்கு வேலை போய்ப் பள்ளியை விட்ட பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் அடித்தவன் நான். தடை சரியானதுதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்தக் குடும்பங்களுக்கு மாற்று வேலை எதையும் யோசிக்காமல் விட்டது மட்டும் பெரிய அநியாயம்.

திருட்டுத்தனமாகக் கரி வெட்டுவது நிற்கவில்லை. 2018 டிசம்பர் 13 அன்று க்சான் என்ற இடத்தில் ஒரு சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்து 15 பேர் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்தில் லிட்டெய்ன் ஆறு. பல வாரங்கள் போராடி மீட்டவை இரண்டே உடல்கள்.

தடை வந்தபின் ஓடை மீளும் என்று ஊரே எதிர்பார்த்தது. மீளவில்லை. வெட்டுவதை நிறுத்தினால் அமிலம் நிற்காது. திறந்து கிடக்கும் குழிகளில் மழை நிரம்புகிறது, பொந்துகளில் காற்று இருக்கிறது, கல் கரைந்துகொண்டே இருக்கிறது. குழியின் முதலாளி எப்போதோ போய்விட்டார். அதிலிருந்து வழியும் தண்ணீருக்குப் பொறுப்பாளி என்று யாரும் இல்லை. சுற்றுச்சூழலைச் சீராக்க 100 கோடி ரூபாயை மாநிலம் கட்ட வேண்டும் என்ற தீர்ப்பாயத்தின் உத்தரவை 2019-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கு எங்கும் போக வேண்டாம், அது அதே மாவட்டத்தில் மலைமலையாக இருக்கிறது. சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. நான் ஊரை விட்டுக் கிளம்பும்வரை எங்கள் ஓடைக்கு ஒரு லாரிகூட வரவில்லை.