அன்னைக்கும் ஒரு வட்டில்

நம் இல்லங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. கணவர் உண்டபின், மக்கள் உண்டபின், முதியோர் உண்டபின், எஞ்சியதை அடுப்படியில் அமர்ந்து அன்னை உண்பாள். எஞ்சவில்லையெனில், ஒரு குவளைத் தேநீரோடு அவளது உணவு முடிந்துவிடும். இதனைத் தியாகம் என்று போற்றுகிறோம். போற்றுவதற்கு முன் சற்றே சிந்திப்பது நலம்.

திருவாடானை வட்டாரம் இராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் இது வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் புழுதியில் விதைத்து, கார்மேகத்தை எதிர்நோக்கி, தையிலும் மாசியிலும் கதிர் அறுக்கிறோம். களையெடுப்புக் காலத்தில் நம் பெண்கள் பொழுது புலருமுன் எழுகின்றனர். நீர் சுமந்து, சோறாக்கி, பிள்ளைகளை ஆயத்தம் செய்து, வயலுக்கு விரைகின்றனர். களை முடிந்தால் கதிரறுப்பு. கதிரறுப்பு முடிந்தால் மிளகாய்ப் பழம் பறிப்பு. தொண்டிக் கரையில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்கும் சகோதரியர்க்கோ விடியலுக்கு முன்பே நாள் தொடங்கிவிடுகிறது. வீடு சந்திக்கச் செல்லும்போது, “காலையில் என்ன உண்டீர்கள், அம்மா?” என்று நான் வினவுவதுண்டு. “எனக்கென்ன சாமி, ஏதாவது பாத்துக்குவேன்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

பிள்ளைகளின் காலைப் பசியை அரசு உணர்ந்துள்ளது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிள்ளை பள்ளியிலே சூடாகப் பொங்கல் உண்கிறது, நன்று. அதனை ஈன்றவள் வெறும் வயிற்றோடு வரப்பில் நிற்கிறாள், இது நன்றோ? 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையோர். களைப்பு, தலைசுற்றல், மூச்சிரைப்பு என்று அவர்கள் கூறுவனவற்றை, “வயதாகிறது” என்று நாமும் தள்ளிவிடுகிறோம்.

நோன்பு வேறு, பட்டினி வேறு. 1693 பிப்ரவரி 4 அன்று நம் அண்டையிலுள்ள ஓரியூரில் உயிர் ஈந்த புனித அருளானந்தர், புலால் நீத்து எளிய உணவு உண்டு வாழ்ந்தார். அது அவர் தாமே விரும்பி ஏற்ற தவம். நம் தாய்மார் வெறும் வயிற்றோடு இருப்பது தாமே தேர்ந்ததன்று. நேரமின்மையும், “நான் கடைசி” என்னும் பழக்கமும் அவர்கள்மேல் சுமத்தியது. நோயுற்றோரையும் கருவுற்றோரையும் நோன்புக் கடமையினின்று திருச்சபையே விலக்கி வைத்துள்ளது. தன்னைப்போல் பிறரையும் நேசிக்கக் கட்டளை பெற்றவர்கள் நாம். தன்னையே வெறுத்து ஒதுக்குபவள் எந்த அளவுகோலைக் கொண்டு பிறரை நேசிப்பாள்? தன் உடலை அன்போடு அரவணைத்தல் தன்னலம் அன்று. இறைவன் ஒப்படைத்த பொருளைப் பேணுதலே ஆகும்.

இதற்கு வழி யாது? முன்கூட்டியே ஆயத்தம் செய்தல். இது புதுமை அன்று. பாலைவெளியில் இஸ்ரயேல் மக்கள் ஓய்வுநாளுக்கு முந்தின நாளிலே இருமடங்கு மன்னா சேர்த்தனர். நம் முன்னோரும் இதனை நன்கறிவர். களையெடுக்கச் செல்லும் நாட்களில் எம் அன்னையார் முந்தின இரவே சோற்றில் நீரூற்றி வைப்பார். விடியலில் ஒரு சிறு வெங்காயத்தோடு முதலில் தாம் உண்டு, பின்னரே எங்களை எழுப்புவார். “நான் விழுந்தால் உங்களைத் தூக்குவது யார்?” என்பார்.

ஆறிய சோறு முழுதும் மூழ்குமாறு தூய நீரூற்றி மூடி வைத்தால், இரவிலே அது புளித்து, நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அதனைக் காலையிலேயே உண்டுவிட வேண்டும். வெயில் ஏறும்வரை வைத்தல் ஆகாது. கேழ்வரகுக் கூழையும் மாலையிலே காய்ச்சி வைக்கலாம். ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், கொள்ளு, உளுந்து, எள், கறிவேப்பிலை ஆகியவற்றை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயோடு வறுத்துப் பொடித்து வைக்கலாம். நிழலில் உலர்த்திய முருங்கைக் கீரையையும் அப்பொடியோடு சேர்க்கலாம். நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல் குளிர்பதனப் பெட்டியின்றியே வாரம் முழுதும் கெடாது. ஈரக் கரண்டி மட்டும் படலாகாது. உணவோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்கும். உண்டவுடன் தேநீர் பருகினால் அச்சத்து வீணாகும். ஒரு மணி நேரம் கழித்துப் பருகலாம்.

குடும்பத் தலைவர்களே, இவ்வேலையையும் அவள் தலையிலே ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே ஏழு நாளும் உழைப்பவளுக்கு ஞாயிறன்று எட்டாவது வேலை தருவது அன்பாகுமா? கீரை உருவுவது ஆண்மைக்கு இழுக்கன்று. பொடி இடிக்கப் பிள்ளைகளுக்குக் கை உண்டு. மாவரைத்துக் கொணர உங்களுக்குக் கால் உண்டு. அவள் உண்டாளா என்று கேட்க எல்லார்க்கும் வாய் உண்டு.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். தாய்மாரே, நாளைக் காலை அடுப்பை மூட்டும்போது, முதல் வட்டிலை உங்களுக்கென எடுத்து வையுங்கள். எவரும் வந்து பரிமாறக் காத்திராமல், நின்றுகொண்டு விழுங்காமல், அமர்ந்து உண்ணுங்கள். அவ்வமயம் சிலுவை அடையாளம் வரைந்து, உணவுக்காக மட்டுமன்றி, அதனை உண்ணும் உங்களுக்காகவும் இறைவனுக்கு நன்றி கூறுங்கள்.