லெம்பா பீடோங்கில் குதிரையோடு இரண்டு நாள்

கிழக்குக் கரைக்குப் போகிறோம் என்றால் நம்மவர்கள் பெரும்பாலும் கடலில் குளிக்கத்தான் போவார்கள். வேன் பிடித்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு, குவாந்தான் தெலுக் செம்பெடாக்கில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மாலையே தோட்டத்துக்குத் திரும்பிவிடுவோம். 2018-ஆம் ஆண்டில் நாங்கள் குடும்பமாகப் போனதும் கடற்கரைப் பக்கந்தான். ஆனால் குளிக்க அல்ல, குதிரைக்குத் தண்ணீர் ஊற்ற!

திரங்கானு மாநிலத்தில் செத்தியு என்றொரு மாவட்டம். அங்கே லெம்பா பீடோங் என்னுமிடத்தில் நெடுந்தூரக் குதிரையோட்டத்துக்கென்றே ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. 2008-ல் உலகப் போட்டியே அங்குதான் நடந்தது. ஸ்பெயின் நாட்டுப் பெண் ஒருவர் அதில் முதலாவதாக வந்தார். 2017 சீ விளையாட்டின் நெடுந்தூர ஓட்டமும் அங்குதான்.

தோட்டத்து வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். என் அக்காள் வீட்டுக்காரர் ஒரு சைஸ். கோலாலம்பூருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரைகளைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, சாணம் அள்ளி வருகிறவர். "லயத்தில் பிறந்தேன், லாயத்தில் பிழைக்கிறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இந்நாட்டில் குதிரைப் பந்தயத் திடல்களில் நம்மவர் பலர் இந்த வேலை பார்த்திருக்கிறார்கள். குதிரையின் குணம் தெரிந்தவர் அவர். ஏறி உட்கார்ந்து பேர் வாங்குகிறவர் வேறொருவர். அத்தானுடைய மகள், பதினைந்து வயதுப் பெண், அந்த வழக்கத்தை மாற்றிவிட்டாள். சிறுவயது முதல் லாயத்திலேயே சுற்றி வந்தவளைப் பண்ணை முதலாளி இளையோர் அணியில் சேர்த்துக்கொண்டு, தம் குதிரை ஒன்றையும் ஓட்டக் கொடுத்தார். அணியில் மற்ற மூவரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஒரு குதிரைக்கு மாதம் ஆகும் செலவை அத்தான் சொல்லக் கேட்ட என் மனைவி, அப்புறம் வெகுநேரம் பேசவேயில்லை. நம் சக்திக்கு உட்பட்ட விளையாட்டல்ல இது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் மெந்தகாப்பிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் குவாந்தானைக் கடந்து, கோலத்திரங்கானு தாண்டி, பகல் உணவுக்குள் போய்ச் சேர்ந்தோம். அம்மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆகவே கடைகள் பல சாத்திக் கிடந்தன. கிடைத்த ஒரு கடையில் நாசி டாகாங் சாப்பிட்டோம். மீன் குழம்பு நம் நாக்குக்குச் சற்று இனிப்புத்தான். மண்ணோ வெள்ளை மணல். ரப்பரும் செம்பனையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சவுக்கு மரமும் கெலாம் மரமும் புதுமையாக இருந்தன. "இந்த மணலில் நாலு காலும் புதையும், வாத்தியாரே. இங்கே வேகம் காட்டுகிறவன் குதிரையைக் கொன்றுவிடுவான்" என்றார் அத்தான்.

இந்த ஓட்டம் நாம் நினைக்கிற பந்தயம் போன்றதல்ல. பெரியவர்களுக்கு 160 கிலோமீட்டர் வரை உண்டு. பிள்ளைகளுக்கு அன்று 40 கிலோமீட்டர், இருபது இருபதாக இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்நடை மருத்துவர் சோதிப்பார். நிம்மதியாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு முப்பது, நாற்பது நாடித் துடிப்பு இருக்கும். ஓடி வந்ததற்கு அது எகிறி நிற்கும். குறித்த நேரத்துக்குள் 64-க்கு இறங்க வேண்டும்; இறங்காவிட்டால் முதலில் வந்த குதிரையும் வெளியேதான். ஈற்றின் நிறம் பார்க்கிறார்கள்; கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டு அது எத்தனை விரைவில் படிகிறது என்று பார்க்கிறார்கள்; வயிற்றில் காது வைப்பதுபோல் குழல் வைத்துக் கேட்கிறார்கள்; கயிற்றைப் பிடித்து ஓடவிட்டு நொண்டுகிறதா என்று கவனிக்கிறார்கள். ஓட்டுகிறவர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்று கேட்பார் யாருமில்லை!

குடும்பத்துக்கு வேலை வருவது இங்கேதான். குதிரை வந்து நின்றதும் சேணத்தைக் கழற்ற வேண்டும், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சூடேறிய நீரை வழித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை அத்தான் எங்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தினார். பள்ளிக்கூடத்தில் நான்கூட அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை இருட்டிலேயே ஓட்டம் தொடங்கியது. பிள்ளைகள் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போனார்கள். முதல் சுற்று முடிந்து வந்தபோது அணியில் ஒரு பையனின் குதிரை முன்னங்கால் நொண்டியது. மருத்துவர் நிறுத்திவிட்டார். பையன் அழுதான். நால்வரில் மூவராவது முடித்தால்தான் அணிக்குக் கணக்கு. ஆகவே மிஞ்சிய மூவரில் ஒருவரும் தவறக் கூடாது என்றாகிவிட்டது.

இரண்டாம் சுற்றில் மற்ற இருவரும் வந்து சோதனையிலும் தேறிவிட்டார்கள். எங்கள் பெண்ணைக் காணவில்லை. வெயில் ஏறிவிட்டது. அக்காள் வாளியைப் பிடித்தபடி, "தம்பி, கண்ணுக்குத் தெரிகிறாளா பார்" என்று என்னைக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அரை மணிக்கு மேல் கழித்து, தூரத்தில் மணற்பாதையில் இரண்டு உருவங்கள் நடந்து வந்தன. பெண் கீழே இறங்கி, குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறாள்! கோட்டுக்குச் சற்று முன்னே ஏறி உட்கார்ந்து, கடந்து வந்து சேர்ந்தாள்.

"ஏன் ஆயி, கால் ஏதும் நொண்டிச்சா?"

"இல்லைப்பா. மூச்சு வாங்கினான். மூணு கிலோமீட்டர் நடந்தே கூட்டிட்டு வந்தேன்."

அத்தான் வேறொன்றும் கேட்கவில்லை. வாளியைத் தூக்கினார். நான் ஒரு பக்கம், என் மனைவி ஒரு பக்கம். மருத்துவர் குழலை வைத்து எண்ணி முடிக்கும்வரை எங்களில் ஒருவரும் அசையவில்லை. 58. ஓடவிட்டுப் பார்த்தார்கள், நடை சுத்தமாக இருந்தது. பரிசு வேறோர் அணிக்குத்தான் போயிற்று. ஆனாலும் பண்ணையின் பெயர் முடித்தோர் பட்டியலில் ஏறியது. முதலாளி வந்து முதலில் அத்தானுக்குத்தான் கை கொடுத்தார். அதை அக்காள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாலையில் பக்கத்திலிருக்கும் மெராங் படகுத்துறைக்குப் போனோம். எதிரே கடலில் பீடோங் தீவு. 1978 முதல் 1991 வரை வியட்நாமிலிருந்து படகேறி வந்த அகதிகள் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் அந்தச் சிறு தீவு வழியாக வேறு நாடுகளுக்குப் போனார்கள். இதை என் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று படம் எடுத்துக்கொண்டேன். அக்காள் கெரொப்போக் லேக்கோர் நாலைந்து பை வாங்கினாள்.

ஞாயிறு காலை அத்தான் குதிரைகளோடு லோரியில் திரும்ப வேண்டியிருந்தது. பெண்ணை எங்களோடு வேனில் வரச் சொன்னோம். "வழியில் அவனுக்குத் தண்ணி காட்டணும், மாமா" என்று சொல்லிவிட்டு அவளும் லோரியில் ஏறிக்கொண்டாள். வேனில் அவளுக்கு வைத்திருந்த இடத்தில் கெரொப்போக் பைகளை அடுக்கிவிட்டுப் புறப்பட்டோம்.