நுழைவுச்சீட்டு இல்லாத கலைநாள்



2010ஆம் ஆண்டில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசிய சிங்கப்பூர்வாசிகள் 3.3 விழுக்காட்டினர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. என் வகுப்பிலும் இதைக் காண்கிறேன். தமிழ்ப் பாடவேளை முடிந்ததும் பல மாணவர்களுக்குத் தமிழும் முடிந்துவிடுகிறது.

ஆகவேதான் குடும்பத்தோடு சென்று வரக்கூடிய இலவசக் கலைநாள்களை நான் பெரிதும் மதிக்கிறேன். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் நடத்தும் பொங்கல் கொண்டாட்டம், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா, எஸ்பிளனேடில் 2002 முதல் நடைபெறும் கலா உத்சவத்தின் கட்டணமில்லா நிகழ்ச்சிகள் ஆகியவை நமக்குக் கிடைத்த வாய்ப்புகள்.

“எங்களுக்கே தமிழ் சரியாக வராதே!” என்று தயங்கும் பெற்றோர், பணம் கொடுத்துத் தமிழ் நாடகம் பார்க்க வருவது அரிது. இலவசம் என்றால் எட்டிப் பார்க்கிறார்கள். மேடையில் முதலை வாயைப் பிளந்தால், சொல் விளங்காத பிள்ளையும் சிரிக்கிறது. உடனே, “முதலை என்னம்மா சொல்லுச்சு?” என்று கேட்கிறது. வகுப்பறையில் கேள்வி கேட்பவள் நான். விடை சொல்வது பிள்ளை. இங்கோ பிள்ளையே கேட்கிறது. மொழி அங்கேதான் துளிர்க்கிறது.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாடகம் பார்த்துவிட்டு வரும் பிள்ளையிடம் பயிற்சித்தாளை நீட்டாதீர்கள். பெற்றோர்களே, வீடு திரும்பும் ரயிலில் அந்தக் கதையைத் தமிழில் பேசிப் பாருங்கள். இடையில் ஆங்கிலம் கலந்தால் கலக்கட்டும். பேச்சு நிற்காமல் இருந்தால் போதும்.