வியன்னாவுல பேக்கரி வைக்கலாமா?

'விரிவாக்கம்'னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்? எனக்கு ரோடு விரிவாக்கம்தான். நம்ம ஊர்ல ரோடு விரிவாக்கம்னு நோட்டீஸ் ஒட்டினா, "பொருளாதாரம் வளருமா?"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. "என் வீட்டுத் திண்ணை போகுமா? முன்னாடி நிக்கிற வேப்பமரம் போகுமா? பணம் எவ்வளவு, எப்போ தருவாங்க?" இதுதான் கேள்வி. நோட்டீஸ்ல திட்ட மதிப்பீடு இருக்கும், அரசாணை எண் இருக்கும். திண்ணையைப் பத்தி ஒரு வரி இருக்காது.

இதே கதை ஒரு கண்டம் அளவுக்கு நடந்திருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் விரிவானபோது அதை மக்களுக்கு எப்படிச் சொன்னாங்கங்கறதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. "நாலாவது வருஷம், ப்ராஜெக்ட் ரிவ்யூ தலைக்கு மேல நிக்குது, இது எதுக்கு எனக்கு?"ன்னு நீங்க நினைக்கறது புரியுது. மாஸ்டர்ஸ் படிக்க ஐரோப்பா போற யோசனை உங்களுக்கோ உங்க ரூம்மேட்டுக்கோ இருந்தா, இது உங்க பணத்தைப் பத்தின விஷயம். கொஞ்சம் பொறுத்துப் படிங்க.

முதல்ல கணக்கு. 1957-ல ரோம் நகரத்துல 6 நாடுகள் கையெழுத்துப் போட்டு ஆரம்பிச்ச கூட்டமைப்பு அது. கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து 15 ஆச்சு. 2004 மே 1 அன்னைக்கு ஒரே நாள்ல 10 நாடுகள் உள்ளே வந்தன: போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, மால்டா, சைப்ரஸ். சுமார் ஏழரைக் கோடி மக்கள், நம்ம தமிழ்நாட்டு மக்கள்தொகை அளவு. அப்புறம் 2007-ல பல்கேரியா, ருமேனியா. 2013-ல குரோஷியா. 2020-ல பிரிட்டன் வெளியே போனதும் இப்போ 27.

நான் இதுக்குள்ள போனது ஒரு பிரசுரத்தால. போலந்துல ஒரு பல்கலைக்கழகத்துக்கு அப்ளை பண்ணலாம்னு ஒரு கன்சல்டன்சிக்குப் போயிருந்தேன். அவங்க குடுத்த பளபள பிரசுரத்துல பெரிய எழுத்துல, 'ஒரே விசா, 27 நாடுகள்'. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அப்பா லேத் பட்டறை வச்சிருக்காங்க. கண்ணாடியை மாட்டிக்கிட்டு முழுசாப் படிச்சாங்க. படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ஏம்மா, போலந்துல படிச்சுட்டு ஜெர்மனில வேலைக்குச் சேரலாமா?" வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்கப் போறவர் கேக்கற கேள்வி அது. பிரசுரத்துல நாலு பக்கம் இருந்துச்சு. அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை.

பதில் தேடிப் போனப்போ ஒரு வேடிக்கை தெரிஞ்சுது. இருபது வருஷத்துக்கு முன்னாடி போலந்துக்காரங்களும் ஹங்கேரிக்காரங்களும் கேட்டது கிட்டத்தட்ட இதே கேள்வி.

2003-ல சேரப்போற நாடுகள்ல சைப்ரஸ் தவிர மத்த 9 நாடுகளும் மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தின. பேச்சுவார்த்தைகள் பல வருஷம் ஓடி முடிஞ்சிருந்தன. சேர்ற ஒப்பந்தம் ஆயிரக்கணக்கான பக்கம். அதை யார் படிப்பா? அதனால ஒவ்வொரு அரசும் அதைச் சுருக்கி மக்கள்கிட்ட சொல்ல வேண்டியிருந்துச்சு. எதைச் சொல்றது, எதை விடறதுங்கற இடத்துலதான் விஷயமே இருக்கு.

ஹங்கேரியில செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அரசாங்கப் பிரசாரத்துலயே சாதாரண ஆளோட கேள்விகளை எடுத்து வச்சாங்க. ஒண்ணு, 'மாகோஷ் குபா இனிமே சாப்பிடலாமா?' பன்னைப் பால்ல ஊற வச்சுக் கசகசா தூவிச் செய்யற இனிப்பு அது. கசகசா ஓபியம் செடியோட விதை. துபாய்க்குக் கசகசா கொண்டு போகக் கூடாதுன்னு நம்ம வீடுகள்ல சொல்வாங்களே, அதே சந்தேகம்தான். பதில்: சாப்பிடலாம். இன்னொண்ணு, 'நான் வியன்னாவுல பேக்கரி வைக்கலாமா?' பதில்: வைக்கலாம்.

நல்லா இருக்குல்ல? திண்ணை போகுமான்னு கேக்கறவனுக்குத் திண்ணையைப் பத்தியே பதில் சொல்ற நோட்டீஸ். ஆனா அந்த ரெண்டாவது பதிலைக் கொஞ்சம் நோண்டிப் பாருங்க.

வியன்னா இருக்கறது ஆஸ்திரியாவுல. புது நாடுகள்லேர்ந்து தொழிலாளர்கள் கூட்டமா வந்துடுவாங்கன்னு பயந்து, பழைய நாடுகள் ஒரு நிபந்தனை வச்சிருந்தாங்க: 2+3+2, மொத்தம் 7 வருஷம் வரைக்கும் புதியவங்களுக்கு வேலைச் சந்தையை மூடி வச்சுக்கலாம். மால்டா, சைப்ரஸ் ரெண்டுக்கும் மட்டும் இது கிடையாது. ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் முழு 7 வருஷத்தையும் பயன்படுத்தினாங்க. 2011 மே 1-க்கு அப்புறம்தான் திறந்தாங்க. ஆனா இந்தத் தடை சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்களுக்கு. சொந்தமா கடை வைக்கறவங்களுக்கு இல்லை. அதனால ஒரு ஹங்கேரிக்காரர் 2004-ல வியன்னாவுல பேக்கரி திறக்கலாம். ஆனா பக்கத்துக் கடையில மாவு பிசையற வேலைக்கு, தனியா அனுமதி வாங்காம, சேர முடியாது.

எத்தனை பேருக்கு வியன்னாவுல கடை போடற முதல் இருந்திருக்கும்? எத்தனை பேருக்குச் சம்பள வேலை தேவைப்பட்டிருக்கும்? போஸ்டர் சொன்ன பதில்ல பொய் ஒரு சொட்டு இல்லை. பதில் 'ஆமா'ன்னு வர்ற கேள்வி மட்டும் போஸ்டருக்கு வந்துச்சு. பதில் '7 வருஷம் பொறுக்கணும்'னு வர்ற கேள்வி ஒப்பந்தத்துக்குள்ளயே இருந்துச்சு.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி அந்தப் பிரசுரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதே டெக்னிக். போலந்துல படிக்கக் கிடைக்கற அனுமதியை வச்சுக்கிட்டு ஷெங்கன் நாடுகள்ல சுத்திப் பாக்கலாம், எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாள் வரைக்கும். ஷெங்கனும் ஒன்றியமும் ஒண்ணும் இல்லை. ஷெங்கன்ல 29 நாடுகள். ஒன்றியத்துல இருக்கற அயர்லாந்தும் சைப்ரஸும் அதுல கிடையாது, ஒன்றியத்துல இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் அதுல உண்டு. எந்த நாட்டுலயும் தடையில்லாம வேலை பாக்கற உரிமை ஒன்றியத்தோட குடிமக்களுக்கு. நமக்கு இல்லை. நாம ஜெர்மனில வேலை பாக்கணும்னா ஜெர்மனி தனியா அனுமதி தரணும். போலந்துல படிச்சிருக்கறது அதுக்கு உதவலாம், ஆனா அதுவே அனுமதி ஆகாது. 'சுத்திப் பாக்கலாமா?'ங்கற கேள்விக்குப் பிரசுரம் பதில் சொல்லியிருக்கு. அப்பா கேட்டது வேற.

மறுநாள் அவர்கிட்ட இதை அப்படியே சொன்னேன். "அப்ப போலந்துக்குன்னு போறதா இருந்தா போ, ஜெர்மனிக்கு வழின்னு நினைச்சுப் போகாத"ன்னார். போலந்துக்குன்னேதான் அப்ளை பண்ணியிருக்கேன்.

போலந்து விவசாயிகள் கதையும் இதே மாதிரிதான். அவங்களுக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, "ஜெர்மன்காரன் வந்து எங்க நிலத்தை வாங்கிடுவானா?" பதில்: வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கறதுக்கு 12 வருஷம், அதாவது 2016 வரைக்கும், கட்டுப்பாடு வச்சுக்கலாம்னு பேசி வாங்கியிருந்தாங்க. ரெண்டாவது, "பிரெஞ்சு விவசாயிக்குக் கிடைக்கற மானியம் எனக்கும் கிடைக்குமா?" பதில்: கிடைக்கும், ஆனா முதல் வருஷம் பிரஸ்ஸல்ஸ் தர்றது அவங்களுக்குக் கிடைக்கறதுல கால் பங்கு, சொந்த அரசு கொஞ்சம் சேர்த்துக்கலாம், முழுசா சமமாக 2013 வரைக்கும் ஆகும். 'கிடைக்கும்'ல நிறுத்தினா அது விளம்பரம். கால் பங்குங்கறதையும் சொன்னாத்தான் தகவல். 2003 ஜூன்ல போலந்து ரெண்டு நாள் வாக்கெடுப்பு நடத்துச்சு. 77% பேர் சேரலாம்னு சொன்னாங்க.

சரி, பதில் சொல்றது யாருங்கறதும் முக்கியம் இல்லையா? மால்டாவைப் பாருங்க. அப்போ சுமார் 4 லட்சம் பேர் வாழ்ந்த தீவு நாடு. ஒன்றியத்துல சேர்றதைப் பத்தி மக்களுக்கு விளக்க 1999-ல அரசு ஒரு தகவல் மையத்தை ஆரம்பிச்சுது. அதோட தலைவர் சைமன் புசுட்டில். எதிர்க்கட்சியான தொழிலாளர் கட்சி சேரவே கூடாதுன்னு சொன்ன கட்சி. அந்த மையம் தகவல் மையமா, ஆளுங்கட்சிப் பிரசார மையமான்னு சண்டை. 2003 மார்ச் 8 வாக்கெடுப்புல 53.6% ஆதரவு. அப்பவும் சண்டை ஓயலை. ஓட்டுப் போடாதவங்களையும் செல்லாத ஓட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டா ஆதரவு பாதிக்கும் கீழேன்னு எதிர்க்கட்சித் தலைவர் ஆல்ஃப்ரெட் சான்ட் சொன்னார். அடுத்த மாசம் நடந்த பொதுத்தேர்தல்ல ஆளுங்கட்சி ஜெயிச்ச பிறகுதான் முடிவாச்சு. தகவல் மையத்தோட தலைவர் 2004-ல அதே ஆளுங்கட்சி சார்பா ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

இதை வச்சு அவர் தப்பான தகவல் குடுத்தார்னு சொல்லிட முடியாது. ஆனா பதில் சொல்றவருக்கு எந்தப் பதில் லாபம்னு கேக்கற உரிமை நமக்கு இருக்கு. கன்சல்டன்சிக்கும் இது பொருந்தும். நிறைய இடங்கள்ல நாம சேர்ந்தாத்தான் அவங்களுக்குக் கமிஷன்.

இதுவரைக்கும் சேர்ந்தவங்க கதை. ஏற்கெனவே உள்ளே இருந்தவங்களுக்கு யார் சொன்னா? அந்த 15 நாடுகள்ல ஒண்ணுகூட 2004 விரிவாக்கத்துக்காக மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தலை. நாடாளுமன்றங்கள்ல ஒப்புதல் வாங்கினாங்க, அவ்வளவுதான்.

பிரிட்டன்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. புது நாட்டுக்காரங்களுக்கு முதல் நாள்லேர்ந்தே வேலைச் சந்தையைத் திறந்தது மூணே நாடு: பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன். எத்தனை பேர் வருவாங்க? பிரிட்டன் அரசு கேட்டு 2003-ல பொருளாதார ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு, நிகரக் கணக்குல வருஷத்துக்கு 5,000 முதல் 13,000 பேர். ஜெர்மனி மாதிரி பெரிய நாடுகளும் கதவைத் திறக்கும்ங்கற அனுமானத்துல போட்ட கணக்கு அது. நம்ம லேப்ல சொல்ற 'பவுண்டரி கண்டிஷன்'. ஜெர்மனி திறக்கலை. கண்டிஷன் மாறிடுச்சு, ஆனா மக்கள் மனசுல நின்னது 13,000-ங்கற எண் மட்டும். 2001 கணக்கெடுப்புல இங்கிலாந்து, வேல்ஸ்ல இருந்த போலந்துல பிறந்தவங்க சுமார் 58,000. 2011-ல சுமார் 5,79,000.

வந்தவங்க உழைச்சாங்க, வரி கட்டினாங்க. அது வேற விவாதம். ஆனா "13,000னு சொன்னீங்களே?"ங்கற கோபம் தங்கிடுச்சு. அரசாங்கம் சொல்ற எண்ணை நம்பாத ஆளுக்கு அடுத்து யார் எதைச் சொன்னாலும் போய் ஒட்டும். 2016 வாக்கெடுப்புல வெளியேறணும்னு சொன்ன அணி ஒரு போஸ்டர் போட்டுச்சு: 7.6 கோடி மக்கள் இருக்கற துருக்கி ஒன்றியத்துல சேரப் போகுதுன்னு. நிஜத்துல துருக்கியோட பேச்சுவார்த்தை 2005-ல ஆரம்பிச்சு, 35 பாடங்கள்ல ஒண்ணே ஒண்ணுதான் முடிஞ்சிருந்துச்சு. பதினோரு வருஷத்துல 34 அரியர்னு வச்சுக்கோங்க. அதுக்கு மேல, எந்த ஒரு உறுப்பு நாடு வேண்டாம்னாலும் சேர முடியாது. பிரிட்டனுக்கே அந்த வீட்டோ இருந்துச்சு. ஆனாலும் போஸ்டர் பரவுச்சு. முடிவு உங்களுக்குத் தெரியும்: 51.9% வெளியேறச் சொன்னாங்க. அந்த ஒரு போஸ்டர்தான் காரணம்னு நான் சொல்லலை. அது பரவுறதுக்கான இடத்தை, பத்து வருஷத்துக்கு முன்னாடி சொல்லாம விட்ட பதில்கள் காலி பண்ணி வச்சிருந்துச்சுன்னு நினைக்கிறேன்.

இந்தக் கதை இன்னும் முடியலை. மால்டோவாங்கற சின்ன நாடு, ஒன்றியத்துல சேர்றதை லட்சியமா அரசியல் சட்டத்துல எழுதலாமான்னு 2024 அக்டோபர்ல மக்கள்கிட்ட கேட்டுச்சு. ஆதரவு ஐம்பது சதவீதத்துக்கு மேல ஒரு மயிரிழை. சுமார் பத்தாயிரம் ஓட்டு வித்தியாசம். உக்ரைன், மான்டினீக்ரோ, அல்பேனியா எல்லாம் வரிசையில நிக்குது. அங்கேயும் யாரோ போஸ்டர் டிசைன் பண்ணப் போறாங்க, யாரோ எந்தக் கேள்வியைப் போடறதுன்னு தேர்ந்தெடுக்கப் போறாங்க.

நமக்கு அந்த வாக்கெடுப்புல ஓட்டு இல்லை. ஆனா நம்ம கையில பிரசுரம் இருக்கு. அதனால ஒரு வேலை செய்யுங்க. அதுல இருக்கற ஒவ்வொரு 'ஆமா'வுக்கும் பக்கத்துல, அது எந்தக் கேள்விக்கான பதில்னு பென்சில்ல எழுதுங்க. அப்புறம் உங்க வீட்ல கேட்ட கேள்வியைக் கீழே எழுதுங்க. ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா, வீட்ல கேட்ட கேள்வியை அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மெயில்ல அனுப்புங்க. போன்ல கேக்காதீங்க. பதில் எழுத்துல வரட்டும். வந்த பிறகு பத்திரத்தை பேங்க்ல வைக்கறதைப் பத்தி வீட்ல பேசுங்க.